திருப்பிப் போடாத பக்கம்

காதுகளின் மேல் இரண்டு கிண்ணங்களைப் போலக் கவிழ்ந்திருக்கும் இந்த ஹெட்ஃபோனுக்குள் முதலில் பாட்டு இல்லை, மணல் இருக்கிறது, கடலை போடுவதற்கு முன்னால் சட்டியில் வெறும் மணல் மட்டும் சூடாகும்போது ஒரு சத்தம் வருமே அது, அதைக் கேட்டுக்கொண்டு வடபழனியில் ஒரு மாடி அறையில், ஏசிக் குளிருக்குப் பயந்து சால்வையைக் கழுத்து வரை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மத்தியானம் பன்னிரண்டரை ஆகிறது, இன்னும் சில விநாடிகளில் என் அக்கா பாடப்போகிறாள், அவள் இறந்து நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது. ஒரு வார்த்தை சொல்லத்தான் என்னை வரவழைத்திருக்கிறார்கள். சரி என்று சொன்னால் போதும். ஞானராஜ், இந்த அறைக்குச் சொந்தக்காரர், பழைய இசைத்தட்டுகளைச் சுத்தம் செய்து சிடியில் ஏற்றுவதே தொழிலாகக் கொண்டவர், சற்று முன்பு திரையில் இரண்டு கோடுகளைக் காட்டி விளக்கினார். "முதல் பக்கத்தை நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுத்துல ஓட்டினா சரியா அஞ்சு கட்டை வருது மேடம். ரெண்டாவது பக்கம் அதே வேகத்துல அஞ்சரை. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே தட்டு. அப்படி யாரும் அரைக் கட்டை ஏத்திப் பாட மாட்டாங்க. பதிவு பண்ணின மெஷின் மத்தியானத்துல கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கணும். அதனால இறக்கி வச்சிருக்கேன். உங்க அக்கா சுருதி அஞ்சுதானே? நீங்க சரின்னா இன்னிக்கே அனுப்பிடலாம். அவங்க பாடி நேர்ல கேட்டவங்கன்னு இப்போ நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க." நான் ஒருத்திதான் இருக்கிறேன். அஞ்சுதான், அக்காவின் சுருதி என்றைக்கும் அஞ்சுதான், ஆர்மோனியத்தில் ஐந்தாவது வெள்ளைக் கட்டை, அதில் பொய் ஒன்றும் இல்லை. மெஷின் மெதுவாக ஓடவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். மூலையில் பிரம்பு நாற்காலியில் குற்றாலலிங்கம் சிரித்தார். அவர்தான் இந்தத் தட்டைக் கண்டுபிடித்தவர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ரயில் நின்ற ஊரிலெல்லாம் பழைய சாமான் கடைக்குள் தலையை நுழைத்துத் தட்டு பொறுக்கியவர், அதைக் கொல்லத்தில் ஒரு பாத்திரக்கடைக்காரர் எடைக்குப் போட வைத்திருந்தாராம், நடுவே ஒட்டியிருந்த தாளில் மிஸ் ஏ. செண்பகவடிவு, அம்பாசமுத்திரம் என்று படித்ததும் விலைகூடப் பேசாமல் வாங்கிக்கொண்டேன் என்று போனில் சொன்னார், எங்க ஊருக்காரப் பிள்ளைன்னு நினைச்சேம்மா, எங்க ஊர்ல இருந்து ஒரு பிள்ளை பாடியிருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலையே. மறந்துபோன பெண் பாடகிகள் பதினாறு பேர், ஆளுக்கு ஒரு தட்டு, ஒரே சிடி. அதில் அக்கா பதினொன்றாவது. "ஞானராஜு, சுத்தம் பண்ணுதேன் சுத்தம் பண்ணுதேன்னு பாடுத பிள்ளையவே துடைச்சிராதிய" என்றார் இப்போது. "சார், போன வாரம் நீங்க குடுத்த தட்டுல பல்லி முட்டையே இருந்துது. அதையும் விட்டு வைக்கவா?" என்றார் ஞானராஜ். "அதுவும் கேட்டுட்டுத்தானய்யா கிடந்திருக்கு" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த இடத்திலேயே நின்றுவிட்டது, ஏனென்றால் ஞானராஜ் வேறு யாரிடமோ சொல்வது போல அடுத்ததாகச் சொன்னார், இந்த ரெண்டாம் பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு சார், முதல் பக்கம் ஊசி தேய்ச்சுத் தேய்ச்சு வெளுத்துப்போச்சு, இதை யாருமே போடலை போல. ஆமாம், யாரும் போடவில்லை. கொல்லத்தில் யார் வீட்டில் இருந்ததோ, அவர்களும் எங்கள் அப்பாவைப் போலவே முதல் பக்கத்தை மட்டும் போட்டு, முடிந்ததும் ஊசியைத் தூக்கிவிட்டு, தட்டைத் திருப்பாமல் உறைக்குள் வைத்திருக்கிறார்கள். ஊரெல்லாம் ஒதுக்கியதால் புதிதாக இருக்கிறது.

மணல் சத்தத்துக்கு அடியிலிருந்து சுருதி எழுகிறது. ஆர்மோனியத்தின் இரண்டு கட்டைகள், ஷட்ஜமும் பஞ்சமமும், துருத்தியைப் பின்னால் இழுத்து விடும் ஒரு கையின் மூச்சு. அந்தக் கை என்னுடையது. சிடியோடு வரப்போகும் சின்னப் புத்தகத்தில் ஆர்மோனியம் மஸ்தான் சாகிப் என்று அச்சாகியிருக்கிறது, தட்டை வெளியிட்ட கம்பெனியின் பழைய பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறதாம், முதல் பக்கத்துக்கு அது சரி, இரண்டாம் பக்கத்துக்கு மஸ்தான் சாகிப் அந்த அறையிலேயே இல்லை, அன்றைக்கு வெள்ளிக்கிழமை, அவர் தொழுகைக்குப் போயிருந்தார். நான் வரலாறு படித்தவள், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவள், எழுதி வைத்திருப்பது ஒன்று நடந்தது ஒன்றாக இருக்கும் என்பதைப் படிக்க வரும் பெண்களுக்கெல்லாம் சொன்னவள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. வயலின் ஒரு சின்னக் கோடு போட்டுக் காட்டி விலகுகிறது, அக்கா வருகிறாள். ஐயோ எவ்வளவு நிதானமாக வருகிறாள். இறக்கி வைத்த சுருதியில் அவள் குரல் தண்ணீருக்குள் கால் வைப்பது போல ஒவ்வொரு எழுத்தாக இறங்குகிறது. பாட்டு அப்பா எழுதியது. முருகனை எங்கே எங்கே என்று தேடுகிற பாட்டு, அப்பா தபால் ஆபீசில் முத்திரை குத்தும் நேரம் போக மிச்ச நேரத்தில் எழுதினார், அம்மா இறந்துபோன வருஷம் எழுதினார், தேடியது முருகனை இல்லை என்று எனக்கும் அக்காவுக்கும் தெரியும், நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை. எங்கள் வீட்டில் நிறைய விஷயங்களை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. இந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறேன். பத்தொன்பது வயதில் பாடிய பெண்ணின் குரல் இல்லையே இது, கொஞ்சம் கனத்து, கொஞ்சம் அகன்று, பிள்ளைகளைத் தூங்கப் பண்ணிவிட்டு வந்து உட்கார்ந்த பெண்ணின் குரல், ஒரு நாற்பது வயது இருக்கும். அக்காவுக்கு நாற்பது வயது ஆகவில்லை. முப்பத்தொன்றில் தென்காசி ஆஸ்பத்திரியில் நிமோனியாவில் போய்விட்டாள். அவள் வந்து சேராத வயதிலிருந்து இந்த மெஷின் அவளைப் பாட வைக்கிறது. இப்படி இருந்திருப்பாள். இப்படித்தான் இருந்திருப்பாள், காது ஓரத்தில் நாலு நரையோடு, கண்ணாடி போட்டுக்கொண்டு, என்னட்டி, இம்புட்டு மெலிஞ்சுட்டே என்று கேட்டிருப்பாள். மூன்று நிமிஷம் பத்து விநாடிப் பாட்டு இப்போது மூன்று நிமிஷம் இருபத்தொரு விநாடி என்று திரையில் காட்டுகிறது. பதினோரு விநாடி அவளுக்கு நீண்டிருக்கிறது. அன்றைக்கு எனக்கு வயது பதினொன்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு, எழும்பூரில் இறங்கி ஜட்காவில் போனோம், கம்பெனிக் கட்டடத்தில் காத்திருக்கிற அறையில் ஒரு நீள பெஞ்சு, அதில் எங்களோடு கரூரிலிருந்து வந்த ஓர் அம்மாவும் மகளும். பதிவு நடக்கிற அறையில் மின்விசிறி கூடாது, சத்தம் வரும், ஜன்னல் கூடாது, மெழுகுத் தட்டு இளகி இருக்க வேண்டும் என்று சூடு பண்ணி வைத்திருந்தார்கள், உள்ளே போய்விட்டு வந்தவர்கள் அடுப்படியிலிருந்து வந்தவர்களைப் போல இருந்தார்கள். ஆளுக்கு மூன்று மெழுகுதான். ஒன்றில் வெட்டினால் வெட்டினதுதான், போட்டுக் கேட்டால் அழிந்துவிடும். அக்காவின் முதல் மெழுகு வளையல் சத்தத்தில் போயிற்று. கழற்றுங்கம்மா என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்கள், அக்கா சிவந்துபோய்க் கழற்றி என் கையில் போட்டாள், வெளியில் நான் அந்த எட்டு வளையல்களையும் முழங்கை வரை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது மெழுகில் முதல் பக்கம் ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. அவள் வெளியே வந்ததும் கரூர் அம்மா வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு கேட்டாள், "புள்ளைக்கு எத்தனை கட்டைங்க?" "அஞ்சு" என்றார் அப்பா, பெருமையாகத்தான். "அஞ்சுங்களா" என்றாள் அந்த அம்மா, ஒரு கடைக்காரர் துணியை மடித்துத் திருப்பி வைப்பது போல. "எங்க புள்ளைக்கு அஞ்சரைங்க. அஞ்செல்லாம் கொஞ்சம் அடக்கமான தொண்டைங்களுக்குச் சரியா வரும். நாடக மேடையில கடைசி வரிசைக்குக் கேக்காதுங்க." அக்கா சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. அடக்கமான தொண்டைதான் என்னது, என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. ஏன் எரிந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அரைக் கட்டை. வெள்ளைக் கட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் கறுப்புக் கட்டை. விரலை அரை அங்குலம் நகர்த்தினால் வந்துவிடுகிற உயரம், அது எங்கள் அக்காவுக்கு இல்லையா, அவளுக்கு இல்லாதது கரூருக்கு எப்படி இருக்கலாம். அக்கா இளைப்பாறட்டும் என்று நடுவில் கரூர்ப் பெண் உள்ளே போனாள், அவளுக்காக வயலின்காரரும் மிருதங்கக்காரரும் சுருதி ஏற்றினார்கள், கல்லால் மிருதங்கத்தைத் தட்டித் தட்டி ஏற்றும் சத்தம் வெளியே கேட்டது. அவள் முடித்து வந்தபோது மஸ்தான் சாகிப் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு அவசரமாகப் போனார், "சுருதிக்கு மட்டும்தானே, பாப்பா பிடிச்சுக்கும், காலையில பார்த்தேன், கை நல்லா நிக்குது" என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

இதோ, வந்துவிட்டது, அந்த இடம். பல்லவியில் குரல் மேல் பஞ்சமத்துக்கு ஏறுகிற 'எங்கே'. சிறு வயதில் தட்டு வீட்டுக்கு வந்த முதல் நாள் அப்பா இந்தப் பக்கத்தைப் போட்டார், இந்த 'எங்கே'யில் குரல் துணி கிழிவது போலக் கிழிந்தது, நான் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன், கிணற்றடிக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டேன், அதற்கு மேல் அந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லை, அன்றைக்கும் இல்லை அதற்கப்புறமும் இல்லை. அப்பாவும் திருப்பிப் போடவில்லை. இப்போது காதைப் பொத்த முடியாது, காதின் மேலேயே பூட்டியிருக்கிறார்கள். சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன், குரல் ஏறுகிறது, ஏறுகிறது, அங்கே ஒரு சின்ன நெளிவு, அவ்வளவுதான். கிழியவில்லை. வேண்டுமென்று வைத்த ஒரு பிருகா மாதிரி, ஆசையால் தொண்டை கொஞ்சம் தழுதழுத்த மாதிரி, அழகாகக்கூட இருக்கிறது. மெஷின் அதை மன்னித்துவிட்டது. இவ்வளவு சுலபமா. ஒரு திருகைத் திருப்பினால் ஒரு மத்தியானம் சரியாகிவிடுமா. சுருதி தொடர்கிறது, அக்கா அதே வரியை மறுபடியும் எடுக்கிறாள், மறுபடியும் 'எங்கே', இந்தத் தடவை நெளிவும் இல்லை, வழுவழுவென்று போய்விட்டு வருகிறாள். நல்ல பாட்டு. கேட்டவர்கள், யாரிந்தப் பெண், ஏன் இவள் ஒரு தட்டோடு நின்றுவிட்டாள் என்று கேட்பார்கள். அதுதானே வேண்டும். அவளுக்கு நான் இதைக்கூடச் செய்யக் கூடாதா. அவளைப் பற்றி இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது இரண்டு பக்கம், அதில் ஒரு பக்கம் என்னால் கிழிந்தது, ஒரு 'சரி' சொன்னால் தைத்துவிடலாம். தையல்கூடத் தெரியாது.

வயலின்காரர் வில்லுக்குக் குங்கிலியம் தேய்த்துக்கொண்டே கேட்டார். அவர் முகம் எனக்கு மறந்துவிட்டது, அவர் கடுக்கன் ஞாபகம் இருக்கிறது. "ஏன் பாப்பா, காலையிலேர்ந்து எத்தனையோ பேர், யாருக்கு எதுன்னே மறந்துபோச்சு, அக்காவுக்கும் இதே கட்டைதானா, இறக்கணுமா?" அக்கா வெளியே வெந்நீர் குடிக்கப் போயிருந்தாள். அப்பாவை உள்ளே விட மாட்டார்கள். மிருதங்கக்காரர் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், இறக்கச் சொல்லிவிடாதே என்பது போலப் பார்த்தார், காலையிலிருந்து அந்தச் சூட்டில் ஏழு பேருக்கு வாசித்திருந்தார். "இதே கட்டைதான்" என்றேன். "எங்க அக்காவும் அஞ்சரைதான்." தவறுதலாகச் சொன்னேன் என்று எத்தனையோ வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். சின்னப் பிள்ளை, பயம், புது இடம், கறுப்பு எது வெள்ளை எது என்று குழம்பிவிட்டது. இல்லை. எனக்கு ஒன்பது வயதிலேயே அவள் சுருதி தூக்கத்தில்கூடத் தெரியும். என் அக்கா கரூர்க்காரிக்குக் குறைந்தவள் இல்லை என்று அந்த அம்மாளுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான், கதவுக்கு வெளியே அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள், அவள் காதில் விழட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அக்கா வந்து நின்றாள். ஒத்திகை பார்க்க மெழுகு காத்திருக்காது. சிவப்பு விளக்கு எரிந்தது. நான் இரண்டு கறுப்புக் கட்டைகளை அழுத்தினேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பாட்டு முடிந்துவிட்டது. மறுபடியும் மணல். ஞானராஜ் எதையோ தட்ட, மணலும் நின்றது. "எப்படி மேடம்?" என்றார். "அருமையாப் பாடுதா பிள்ளை" என்றார் குற்றாலலிங்கம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்படி ஒரு தொண்டையை வச்சுக்கிட்டு ஏம்மா விட்டுட்டாவ?" அதற்கு எங்கள் வீட்டில் ஒரு பதில் உண்டு, ஐஸ் சர்பத். அதை அவருக்குச் சொல்லலாமா என்று நினைத்தேன். ஜட்காவில் திரும்பும்போது அப்பா கேட்டார், காலையில நல்லாத்தானம்மா இருந்துது, மத்தியானம் என்ன ஆச்சு. அக்கா உடனே சொன்னாள், யோசிக்கவே இல்லை, "ஐஸ் போட்ட சர்பத்து குடிச்சேம்ப்பா. தொண்டை கட்டிட்டுது." கம்பெனியிலிருந்து மறுபடியும் கூப்பிடவில்லை. அப்பா சாகும்வரை எங்கள் வீட்டுக்குள் நன்னாரி சர்பத் வரவில்லை, கல்யாண வீட்டில் யாராவது நீட்டினால்கூட பாம்பைப் பார்த்தது போலப் பின்வாங்குவார், ஊரில் பாடுகிற பிள்ளைகளையெல்லாம் நிறுத்தி வைத்து ஐஸைப் பற்றி எச்சரிப்பார், எங்க செண்பகத்தைக் கெடுத்தது அதுதான் என்பார். அந்த சர்பத்தைக் குடித்தது நான். அக்கா ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அப்பா வாங்கிக் கொடுத்ததை அப்படியே என்னிடம் நீட்டியிருந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்தில் கல்யாணம், தென்காசி, மாமனார் வீட்டில் பாட்டு கிடையாது, தண்ணீர் இறைக்கும்போது வாய்க்குள்ளேயே முனகுவாள், அதுவும் அஞ்சு கட்டையில்தான், நான் கவனித்திருக்கிறேன். என்னைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று அப்பாவிடம் சண்டை போட்டவள் அவள். ஒரு விடுமுறைக்குப் போயிருந்தபோது அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கேட்டாள், "ஏட்டி ஆவுடை, இப்பவும் ஆர்மோனியம் தொடுதியா?" "இல்லக்கா." "ஏன்?" நான் அடுப்புக்குள் ஒரு சுள்ளியைத் தள்ளினேன். "தொடு. விரலுக்கு ஒண்ணும் ஆயிராது" என்றாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். பால் பொங்கிவிட்டது, அவள் எழுந்து போய்விட்டாள், துணியால் பாத்திரத்தை இறக்கி, ஊதி, சிந்தியதைத் துடைத்து, அதற்குள் அவள் மாமியார் வந்துவிட்டாள், அதற்குள் சாயங்காலம் வந்துவிட்டது, பஸ் வந்துவிட்டது, அதற்குள் தந்தி வந்துவிட்டது.

"சரிதானே மேடம்?" என்றார் ஞானராஜ் மறுபடியும். பொறுமைக்காரர். "இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். முதல் 'எங்கே' முடிஞ்சு அடுத்தது எடுக்கறதுக்கு நடுவுல அரை விநாடி சுருதியே விட்டுப் போயிருந்துது. மெழுகுல ஏதோ பழுதுபோல. பக்கத்துல இருந்து சுருதியைக் கொஞ்சம் எடுத்து ஒட்டிட்டேன். நீங்க கேட்டீங்களே, தெரிஞ்சுதா?" தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை. ஆனால் விரல் நுனிகள் சட்டென்று குளிர்ந்துவிட்டன, ஏசியின் குளிர் இல்லை இது. "இறக்காததைப் போடுங்க" என்றேன். "ஒட்டாததையும்." ஞானராஜ் குற்றாலலிங்கத்தைப் பார்த்தார். "போடுங்களேன்யா, அவங்க வீட்டுப் பிள்ளை" என்றார் அவர்.

மணல். சுருதி. இது வேறு சுருதி. வேறு வெளிச்சம் என்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது, ஜன்னல் இல்லாத அறையின் சூடு, என் முழங்கை வரை ஏறியிருந்த வளையல்களைக் கழற்றச் சொல்லி அவை தரையில் குவிந்திருந்தது, வயலின்காரரின் கடுக்கன், துருத்தியின் பழைய தோல் வாசனை. வயலின் முடிகிறது. அக்கா எடுப்பதற்கு முன்னால் இரண்டு மூச்சு நேரம் தயங்குகிறாள், அது மறந்தே போயிருந்தது, அந்த இரண்டு மூச்சில்தான் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் ஐம்பத்தேழு வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன், ஒரு நாள் கோபமாகத் தெரியும், ஒரு நாள் கேள்வியாகத் தெரியும், தூக்கம் வராத நாட்களில் பயமாகத் தெரியும். கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மெழுகு போயிற்று, அதுதான் கடைசி, ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள், பாப்பா தப்பான கட்டையைப் பிடித்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும். அவள் பாடினாள். பத்தொன்பது வயதுக் குரல், மெல்லியது, நிறுத்தி நிறுத்திப் போகிற குரல், தன் உயரத்துக்கு மேல் இருக்கிற பரணில் எதையோ எடுக்க நுனிக்காலில் நிற்பது போல ஒவ்வொரு சொல்லையும் எட்டி எடுக்கிற குரல். இவளைத்தான் எனக்குத் தெரியும். முதலில் பாடியவள் யாரோ, நல்லவள், நாற்பது வயது வரை இருக்கக் கொடுத்துவைத்தவள். 'எங்கே' வருகிறது. கிழிகிறது. அன்றைக்குக் கிழிந்த அதே மாதிரி, ஒரு நூல்கூடக் குறையாமல். துவைக்கிற கல்லுக்கு ஓட இங்கே கொல்லைப்பக்கம் இல்லை. இருந்துகொள்கிறேன்.

பிறகு ஒன்றுமில்லை. சுருதி இல்லை, குரல் இல்லை, வெறும் மணல். அரை விநாடி. அது மெழுகின் பழுது இல்லை. பயந்துபோய் நான் கட்டையிலிருந்தும் துருத்தியிலிருந்தும் கைகளை எடுத்துவிட்டேன், இதை எப்படி மறந்தேன், மறக்கவில்லை, வேறு விதமாக ஞாபகம் வைத்திருந்தேன், அக்கா குனிந்து என் கையை நகம் பதிய அழுத்தினாள் என்று, எனக்குத் தண்டனை கொடுத்தாள் என்று, அந்த நகக்குறி இரண்டு நாள் இருந்தது, இரண்டு நாளும் அதைத் தடவித் தடவிப் பார்த்து எனக்குச் சரியாகத்தான் கிடைத்தது என்று நினைத்தேன். இப்போது காதுக்குள் சுருதி திரும்பி வருகிறது. முன்னைவிடக் கனமாக. இரண்டு கைகள் சேர்ந்து அழுத்திய சுருதி, அடியில் என் விரல், மேலே அவள் விரல், அதே கறுப்புக் கட்டைகளின் மேல். வேண்டியிருந்தால் வெள்ளைக்கு நகர்த்தியிருக்கலாமே. அவள் நகர்த்தவில்லை. பிடி என்று அழுத்தினாள். விடாதே, பிடி. அழுத்திவிட்டு நிமிர்ந்து அதே வரியை மறுபடியும் எடுக்கிறாள், அன்றைக்குப் பயத்தில் என் காதில் ஏறாத வரி, கொல்லைக்கு ஓடிப்போனதால் பிறகும் நான் கேட்காத வரி, அப்பா அதற்குள் ஊசியைத் தூக்கிவிட்டதால், கொல்லத்துக்காரர்கள் தட்டைத் திருப்பியே போடாததால் யாருமே கேட்காத வரி, 'எங்கே' ஏறுகிறது, நடுங்குகிறது, விளிம்பில் ஒரு கணம் நிற்கிறது, எட்டிவிட்டது. எட்டிவிட்டாள். அஞ்சரைக் கட்டையில், தன் தொண்டைக்கு எட்டாத சுருதியில், மேல் பஞ்சமத்தில் அக்கா நிற்கிறாள், கிழியாமல் நிற்கிறாள், மூச்சு இருக்கும்வரை நின்றுவிட்டு இறங்குகிறாள். வழுவழு என்று இல்லை. வேர்வையோடு. இதை இறக்கி வைத்தால் இவள் ஏறவே இல்லை என்று ஆகிவிடும்.

மீதிப் பாட்டு ஓடி முடிந்தது. நான் ஹெட்ஃபோனைக் கழற்றினேன். காது இரண்டும் சூடாக இருந்தன. "ஞானராஜ்" என்றேன், "மெஷின் சரியாத்தான் ஓடியிருக்கு. அக்கா பாடினது அஞ்சரை."

"ஆனா முதல் பக்கம் அஞ்சு..."

"அவ சுருதி அஞ்சுதான். ரெண்டாம் பக்கத்துக்கு ஆர்மோனியம் மஸ்தான் சாகிப் இல்லை, நான். வயலின்காரர் கேட்டார், அஞ்சரைன்னு பொய் சொன்னேன். வெளியில இருந்த கரூர் அம்மா ஒருத்திக்குக் கேக்கணும்னு சொன்னேன்." சொல்லி முடித்தபோது அது எவ்வளவு சின்ன வாக்கியமாக இருந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. இதையா தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

ஞானராஜ் திரையைப் பார்த்தார். குற்றாலலிங்கம்தான் மெதுவாகக் கேட்டார். "அம்மா, இறக்காமப் போட்டா அந்த இடத்துல குரல் உடைஞ்சது எல்லாருக்கும் கேக்குமே. பரவாயில்லையா?"

பரவாயில்லையா. பரவாயில்லாமல் இருக்குமா. இனிமேல் யார் கேட்டாலும், நான் போன பிறகும், அக்கா அந்த இடத்தில் என்னால் ஒரு தடவை உடைவாள். ஒவ்வொரு தடவையும் உடைவாள். "கேக்கட்டும்" என்றேன். "அடுத்ததும் கேக்கும்ல?" தண்ணீர் வாங்கிக் குடித்தேன். "அந்தப் புத்தகத்துல ஒரு வரி மாத்தணும். ரெண்டாம் பக்கம், சுருதி, பாடகியின் தங்கை ஆவுடையம்மாள்னு போடுங்க. வயசு பதினொண்ணுன்னு போட வேண்டாம். சாக்குச் சொல்ற மாதிரி இருக்கும்."

"சரிங்க மேடம்" என்றார் ஞானராஜ். "அந்த அரை விநாடி? ஒட்டினதை எடுத்துடவா? கேக்கறவங்க சிடி பழுதுன்னு நினைப்பாங்க."

"எடுத்துடுங்க" என்றேன். அவர் எதையோ தேடி, எதையோ அழித்து, அந்த இடத்தை மட்டும் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். கிழிந்த குரல், பிறகு மணல். மேஜை விளிம்பில் என் வலது கை தானாகவே ஏறி இரண்டு விரல்களை, ஒரு கறுப்புக் கட்டைக்கும் இன்னொரு கறுப்புக் கட்டைக்கும் இருக்கிற தூரத்தில் அகட்டி, காற்றில் நிறுத்தி வைத்துக்கொண்டு இருந்தது. அரை விநாடிதான். மேலிருந்து அழுத்த யாரும் இல்லாததால் நானே அழுத்தினேன்.